மேல் கார்டு, கீழ் கார்டு

டீ குடித்து முடிக்கும்வரை கேட்க மாட்டார்கள். முதலில் புடவை வரும், பிறகு மோதிரம். கார்டு கடைசியில்தான். அதற்குள் இன்னும் கொஞ்சம் ஓடிவிடும். ரோடு திரும்புகிற அந்த வளைவு வரைக்குமாவது வந்துவிட்டால் மிச்சத்தை எப்படியாவது ஒட்டிக்கொள்ளலாம். மெதுவாகக் குடிக்கட்டும். அம்மா டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கட்டும்.

பிஸ்கட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃபியோனா இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோன பெண் நினைக்க வேண்டியது இதுவல்ல என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு எதை நினைக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் உடனே வந்து நிற்கவில்லை. மூலையில் மேசைக்கடியில் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. அதன் இரைச்சலில் சின்ன மாற்றம் வந்தாலும் அவள் காது முதலில் அங்கேதான் போனது.

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள், அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த மெல்வினின் அம்மா புனிதாவும் அவருடைய அண்ணன் மைக்கேல்ராஜும். மெல்வினும் வந்திருந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. எஸ்டேட் லய வீடுகளுக்குக் கீழே ரோட்டோரமாகக் காரை நிறுத்திவிட்டு அதிலேயே இருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூடுபனிக்குள் காரின் கூரை மட்டும் தெரிந்தது. மழை இல்லாமலே வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க ஆண்ட்டி" என்றுதான் ஃபியோனா வாசலில் கூப்பிட்டிருந்தாள். கல்யாணம் நிச்சயித்து ஒப்புத்தாம்பூலம் முடிந்ததிலிருந்து அத்தை என்று கூப்பிட்டுப் பழகிய வாய். பழைய சொல்லுக்கு அது இவ்வளவு சுலபமாகத் திரும்பியது அவளுக்கே வியப்பாக இருந்தது. புனிதா அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள லோரி ஓடுற மாதிரி சத்தம்?" என்றார் மைக்கேல்ராஜ். அவர் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். பேச்சு எப்போதும் இன்ஜினுக்கு மேலே கேட்கிற அளவில்தான் வரும்.

"கம்ப்யூட்டர் மாமா. வேலை ஓடுது."

"என் லோரிகூட முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டு ஏத்தம் ஏறுறப்ப இப்படிக் கத்தாது லா."

புனிதா அண்ணனைப் பார்த்தார். வந்த காரியம் சிரிக்கிற காரியம் இல்லை என்பது அந்தப் பார்வை. மைக்கேல்ராஜ் தொண்டையைச் செருமிவிட்டு சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஃபியோனா, ஓடுதா?" சமையலறையிலிருந்து அம்மா கத்தரீனின் குரல்.

"ஓடுதும்மா."

"அப்ப கேஸ்லயே வைக்கிறேன்."

இந்தக் கேள்வியும் பதிலும் அந்த வீட்டில் பல மாதங்களாக நடப்பவை. லயத்து வீட்டின் பழைய ஒயரிங் இரண்டு கார்டையும் தாங்கும், கெட்டிலையும் தாங்கும், இரண்டையும் சேர்த்துத் தாங்காது. ஒருமுறை அம்மா மறந்துபோய் ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் போட்டு, காலையிலிருந்து ஓடிய வேலை ஒரே நொடியில் இருட்டானது. அதற்குப் பிறகு தேயிலை ஃபாக்டரியிலிருந்து வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது.

வேலை என்பது படம். கோலாலம்பூரில் ஒரு கட்டடக் கம்பெனிக்காக. இன்னும் கட்டாத ஒரு ஹோட்டலுக்குத் தேயிலை மலைக்கு நடுவே கார் ஏறிப் போவது போல ஒரு சின்னப் படம். கம்பெனிக்காரர்களுக்கு ஹோட்டல்தான் முக்கியம், பின்னால் பச்சையாக ஏதாவது இருந்தால் போதும். ஃபியோனாதான் மலையைச் செடி செடியாக வைத்தாள். கவாத்து வெட்டிய பகுதியில் வெறும் குச்சிகள், கொழுந்து எடுத்த பகுதியில் சீவிவிட்டது போன்ற தட்டையான பச்சை, பாறைக்குப் பக்கத்தில் மெஷின் எட்டாமல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்ட செடிகள். யாரும் கேட்காத வேலை. ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்த மலையைப் பச்சைக் கம்பளமாக விரித்துவைக்க அவள் கைக்கு வரவில்லை.

அந்த மலை ஒரு கார்டில் கொள்ளாது. கம்ப்யூட்டர் ஒரு காட்சியை வரைய வேண்டுமானால் அதில் இருப்பதையெல்லாம் முதலில் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் ஏற்றியாக வேண்டும். சும்மா இரண்டு கார்டைப் பக்கத்தில் பக்கத்தில் செருகினால் வேகம் கூடும், இடம் கூடாது. இரண்டும் முழு மலையையும் தனித்தனியாகச் சுமக்கும். பிரிட்ஜ் என்று உள்ளங்கை அளவில் ஒரு துண்டு உண்டு. அதை இரண்டுக்கும் நடுவில் மாட்டினால்தான் பாதி மலையை இதுவும் மீதியை அதுவும் வைத்துக்கொண்டு, வேண்டியதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். அதற்கும் இரண்டு கார்டும் ஒரே மாடலாக, ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிட்ஜ் உட்காராது.

அவளிடம் ஒன்றுதான் இருந்தது. கோயில் இளைஞர் குழுவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு வந்த இடத்தில், தன்னிடமும் அதே மாடல் கார்டு இருப்பதாக மெல்வின் சொன்னான். அவன் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கணினி வேலை பார்த்தான், வீட்டில் கேம் விளையாடுவதற்காக வாங்கியிருந்தான். கடைகளில் பிரிட்ஜ் வருவது நின்றுபோயிருந்தது. பினாங்கில் யாரிடமோ பழையது ஒன்றைத் தேடிப்பிடித்து அவனே வாங்கிவந்தான். அவள் கார்டு ஏற்கெனவே மேல் இடத்தில் இருந்தது. அதைக் கழற்றாமல் தன்னுடையதைக் கீழ் இடத்தில் செருகினான். இரண்டும் சேர்ந்து ஓடிய முதல் நாள், அதுவரை திறக்கவே திறக்காத மலை திரையில் எழுந்து நின்றது. ஃபியோனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மலையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் அவன் அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது.

"நமக்குள்ள ஜாதகம் பாக்குற பழக்கம் இல்ல," என்று ஒப்புத்தாம்பூலத்தன்று மைக்கேல்ராஜ் எல்லோர் முன்னாலும் சொன்னார். "இதுங்க ரெண்டும் கார்டுக்குப் பொருத்தம் பாத்துட்டு வந்துருக்குங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஃபியோனாவும் சிரித்தாள்.

சேர்ந்து ஓடுவதில் ஒரு தொல்லை இருந்தது. கீழ் கார்டு விடுகிற சூட்டுக் காற்று நேராக மேல் கார்டின் மூச்சுக்குள் போகும். தனியாக ஓடியபோது சாதுவாக இருந்த அவளுடைய கார்டு இப்போது கொதித்தது. கொதித்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பெட்டிக்கு இன்னும் இரண்டு விசிறி வாங்க வேண்டும் என்றாள் ஃபியோனா.

"மலையில இருந்துக்கிட்டு ஃபேன் வாங்குறதா?" என்றான் மெல்வின். "கேஎல்காரன் கேட்டா சிரிப்பான். இதுக்கு ஜன்னல் போதும் லா."

பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி ஜன்னலோரம் இழுத்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டான். உண்மையிலேயே சூடு இறங்கியது. இரண்டு பேரும் கைதட்டாத குறை. மலையில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் ஒரு சொத்து மாதிரி, சும்மா கிடைப்பது, யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாதது. அந்தக் குளிர் தனியாக வராது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மதியம் மூடுபனி ஏறி வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. வேலை முடிந்து முழுக்க ஆறிப்போயிருந்த கார்டுகள் மேல் துளித்துளியாக உட்கார்ந்தது. அடுத்த தடவை பட்டனை அழுத்தியபோது பெட்டி ஒரு முறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

அன்றைக்குக் காப்பாற்றியது அம்மா. ஃபாக்டரியில் சலித்த தேயிலையை ஒரு துணிமூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து, பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அதைப் போட்டு, கார்டு இரண்டையும் காகிதத்தில் சுற்றி மேலே வைத்து மூடினார். காய்ந்த தேயிலை ஈரத்தை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்பது ஃபாக்டரியில் எல்லோரும் அறிந்தது. அதனால்தான் அவர்கள் அதை அவ்வளவு பயந்து பயந்து மூடி வைப்பார்கள். நான்கைந்து நாள் கழித்து எடுத்து மாட்டியபோது இரண்டும் ஓடின. வெகுநாள் வரைக்கும், வேலை மும்முரமாக ஓடுகிறபோது பெட்டியிலிருந்து லேசாகத் தேயிலை வாசனை வரும்.

பிறகு ஈப்போவுக்குப் போய் ஃபியோனாவே விசிறிகள் வாங்கினாள். கூடவே நிற்கிற ஃபேன் ஒன்றும். பஸ்ஸில் பக்கத்து லயத்து மலர் அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கேமரன் மலைக்கு ஃபேன் வாங்கிட்டுப் போற மொதப் பொண்ணு நீதான்டி" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

கத்தரீன் டீ கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி டம்ளர்களில் ஆவி பறந்தது. மைக்கேல்ராஜ் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஃபியோனா மனதுக்குள் அம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

"நாங்க எந்த முகத்தோட வந்திருக்கோம்னு தெரியல கத்தரீன்," என்றார் புனிதா.

"குடிங்க. ஆறிடும்," என்றார் கத்தரீன்.

அம்மா கோபமாக இருக்கிறாரா வருத்தமாக இருக்கிறாரா என்று ஃபியோனாவுக்குப் பிடிபடவில்லை. மூன்று நாளாகவே பிடிபடவில்லை. புதன்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து அவள் விஷயத்தைச் சொன்னபோது, அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்து முடித்துத் தண்ணீரைச் சாய்த்தபின், "ரெண்டு ஓலை வாசிச்சாச்சே" என்றார். அவ்வளவுதான்.

ஓலைதான் இப்போது எல்லாருக்கும் சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் ஓலை வாசிப்பார். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இரண்டு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது. அதை நிறுத்த வேண்டுமானால், வேண்டாம் என்கிறவர் தானே ஃபாதரைப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பீடத்திலிருந்து பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை ஃபாதர் வீட்டுப் படியை யார் ஏறினார்கள் என்பது ஞாயிறு பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். எஸ்டேட்டில் அதற்கப்புறம் அது மாறாது. பல வருடம் கழித்தும், பின்வாங்கியது அந்த வீடு என்று சொல்வார்கள்.

மெல்வின் அவளிடம் சொன்னது பிரிஞ்சாங்கில், காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு.

"எனக்கு மனசு ஒப்பலை ஃபி. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. உன்மேல தப்பு எதுவும் இல்ல."

முன்னால் ஒரு ஆள் லாரியிலிருந்து கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார். ஃபியோனா அதையே பார்த்தாள். தனக்குள் ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். கை குளிர்ந்திருந்தது, அது அந்த ஊரில் எல்லா நாளும் குளிர்ந்துதான் இருக்கும். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது:

"அப்ப கார்டு?"

மெல்வின் திரும்பி அவளைப் பார்த்தான்.

"பாத்தியா," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை மூன்று நாளாக அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதா? தான் சரி என்று சொன்னது அவனுக்கா, அவனோடு சேர்ந்து வந்த இரண்டாவது கார்டுக்கா? நேர்மையாக யோசித்தால் இரண்டையும் அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. அவன் வருகிற நாள்களில் வேலை நன்றாக ஓடியது. வேலை நன்றாக ஓடிய நாள்களில் அவனைப் பிடித்திருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பான், அவள் செடிகளை நகர்த்திக்கொண்டிருப்பாள். அதுதான் சேர்ந்திருப்பது என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கு அது சேர்ந்திருப்பதாகத் தெரியாமல் போயிருக்கலாம். இந்த எண்ணம் வந்தபோதுதான் முதல்முறையாக வலித்தது. அதுவும் கூர்மையாக இல்லை. தூரத்தில் யாருக்கோ வலிப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

டம்ளர்கள் காலியாயின. புனிதா தான் கொண்டுவந்திருந்த தாம்பாளத்தை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார். கத்தரீன் உள்ளே போய், ஒப்புத்தாம்பூலத்துக்கு அவர்கள் வைத்த மெரூன் பட்டுப்புடவையையும் மோதிரத்தையும் கொண்டுவந்தார். தங்கள் பக்கத்திலிருந்து மெல்வினுக்குப் போட்ட மோதிரம் ஒரு சின்ன டப்பாவில் திரும்பி வந்தது. யாரும் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. மைக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்புறம் அந்தக் கார்டு," என்றார் அவர். "அதையும் இன்னிக்கே குடுத்துட்டா நல்லது. பிற்பாடு அதுக்கு ஒரு தடவை வர வேணாம் பாரு."

ஃபியோனா திரையைப் பார்த்தாள். வளைவுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ரெண்டுல எது மெல்வினோடதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டபடியே அவர் போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். "டேய் மெல்வின், மேல இருக்கறதா, கீழ இருக்கறதா உன்னோடது?"

வைப்பர் சத்தத்துக்கு நடுவே மெல்வினின் குரல் வந்தது.

"எதுன்னாலும் சரிதான் மாமா. ரெண்டும் ஒண்ணுதான்."

"உள்ள வந்து கழட்டிக் குடுத்துட்டுப் போயேன்டா. இங்க யாரும் உன்னைக் கடிக்க மாட்டாங்க."

"ஃபியோனாவுக்குக் கழட்டத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

இரண்டும் ஒன்றில்லை. இத்தனை மாதம் மேலே இருந்து சூட்டைக் குடித்த அவளுடைய கார்டின் ஒரு விசிறி இப்போது தட்டுகிறது. வேலை உச்சத்துக்குப் போகும்போது அதுதான் முதலில் தளரும். கீழே இருந்தது வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. எது மேலே போக வேண்டும் என்று யாரும் யோசித்துச் செய்யவில்லை. அவன் எதுவானாலும் சரி என்று சொன்னது தாராளமா, அறியாமையா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். யோசித்து என்ன. அவனுடையது கீழே இருப்பது. அதையே கொடுக்க வேண்டியதுதான்.

"கீழ இருக்கறது மாமா," என்றாள். மேசைக்குப் போய் ஓட்டத்தை நிறுத்தினாள். கார் வளைவில் பாதி திரும்பிய இடத்தில் படம் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்ததும் வீட்டில் விழுந்த அமைதி எல்லோரையும் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. மைக்கேல்ராஜ் கூட குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியின் தகட்டைக் கழற்றினாள். மைக்கேல்ராஜ் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இதுவா கார்டு? நான் என்னமோ ஏடிஎம் கார்டு மாதிரி சட்டைப் பையில போட்டுக்கலாம்னு நெனச்சேன். செங்கல் கணக்கால்ல இருக்கு!"

"அண்ணே, நீங்க கத்தரீனோட போய்க் கொல்லையில அந்த அவரைப் பந்தலைப் பாருங்களேன்," என்றார் புனிதா. "நல்லா காய்ச்சிருக்குன்னாங்க."

அவரைப் பந்தலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கத்தரீன் மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கேல்ராஜை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பின்கதவு மூடவில்லை.

ஃபியோனா பிரிட்ஜை இரண்டு விரலால் பிடித்து நேராக இழுத்தாள். அது சுலபமாக வந்துவிட்டது. கீழ் கார்டின் மின்சாரக் கேபிளை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது புனிதா பக்கத்தில் வந்து மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"கழட்டாதம்மா. இரு."

கார்டின் சூடு இன்னும் ஆறவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை, மேலே செய்யவும் இல்லை.

"இது உங்கிட்டயே இருக்கட்டும். உனக்கு வேலைக்கு வேணும்னு மெல்வின் சொன்னான். இது இல்லாட்டி அந்தப் படத்தை முடிக்க முடியாதாமே?"

"முடிக்கலாம் ஆண்ட்டி. பாதி மலையை எடுத்துடணும்."

"எதுக்கு எடுக்கணும்? நீயே வெச்சுக்க." புனிதா குரலை இன்னும் இறக்கினார். "நம்ம சிந்தியாவைப் பொண்ணு பாக்க லெம்பா பெர்த்தாம்லேருந்து வராங்க. உனக்குத் தெரியும்தானே? நல்ல குடும்பம்மா. இவளுக்கும் இருபத்தெட்டு ஆயிடுச்சு. ரெண்டு ஓலை வாசிச்சப்புறம் பையன் வீடு பின்வாங்கிடுச்சுன்னு அவங்க காதுக்குப் போனா என்ன ஆகும்? அண்ணன் இப்படின்னா தங்கச்சி எப்படியோன்னு யோசிக்க மாட்டாங்களா?"

மெல்வினின் தங்கை சிந்தியாவை ஃபியோனாவுக்குப் பிடிக்கும். பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்பவள். சுருதி தப்பினால் இடுப்பில் கிள்ளுவாள்.

"சாயங்காலம் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவாரு. நீ ஒரு நடை போய், எனக்கு இஷ்டமில்ல ஃபாதர்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பொண்ணு வேணாம்னு சொன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்க, வேலை பாக்குறவங்க, அப்படித்தான்னு விட்டுடுவாங்க."

"மெல்வினுக்குத் தெரியுமா ஆண்ட்டி, நீங்க இதைக் கேக்குறது?"

புனிதா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவன்தான் சொன்னான், கார்டை விட்டுக்குடுத்தா நீ ஒத்துக்குவன்னு."

பின்கதவுக்கு அப்பால் மைக்கேல்ராஜ் அவரைக்காய்க்குக் கோலாலம்பூரில் என்ன விலை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் குரல் கேட்கவில்லை.

"நீயே சொல்லேன்," என்றார் புனிதா. கெஞ்சலுக்குள் ஒரு சின்னக் கூர்மை வந்திருந்தது. "அவன் வந்து சொன்னப்ப நீ அழுதியா? கார்டு என்ன ஆகும்னுதானே கேட்ட? தப்புன்னு சொல்லலம்மா. உனக்கும் அவ்வளவு இஷ்டம் இல்லைதானே. அப்ப நீ ஃபாதர்கிட்ட சொல்றதுல பொய்யின்னு என்ன இருக்கு?"

ஃபியோனா அந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. மூன்று நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அதன் அளவு சரியாகத் தெரிந்தது. அவனைத் தான் எவ்வளவு விரும்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சென்ற ஞாயிறு ஃபாதர் தன் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்து வாசித்தபோது கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், திரும்பி ஆண்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அது எவ்வளவு இஷ்டம்? ஒரு கல்யாணத்துக்குப் போதுமான அளவா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நாளைக்கும் அவள் அந்த இடத்தில் போய் நின்றிருப்பாள். வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை, ஒருமுறைகூட. தன்னைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அதைத்தான் இவர்கள் மாற்றிச் சொல்லக் கேட்கிறார்கள்.

பக்கத்தில் புனிதாவின் மூச்சு கேட்டது. வயதான மூச்சு. ஏற்றத்தில் நடந்து வந்த களைப்பு இன்னும் அதில் இருந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. சிந்தியாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. பாதி மலையை எடுத்த படம் எப்படி இருக்கும் என்பதும் ஒரு பக்கம் மனதில் ஓடியது. பாறைக்குப் பக்கத்துச் செடிகள் முதலில் போகும், பிறகு கவாத்துப் பகுதி, பிறகு மேல்சரிவு முழுவதும். கம்பெனிக்காரர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அவள் புனிதாவின் விரல்களை மெதுவாகத் தன் மணிக்கட்டிலிருந்து எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். கேபிளைக் கழற்றினாள். அடியில் இருந்த கொக்கியை அழுத்திக்கொண்டு கீழ் கார்டை இரண்டு கையாலும் இழுத்தாள். தூசியைத் துடைத்து, பக்கத்தில் மடித்து வைத்திருந்த துண்டில் சுற்றினாள்.

"சூடா இருக்கு ஆண்ட்டி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்," என்று சொல்லி அதை நீட்டினாள்.

புனிதா வாங்கிக்கொள்ளவில்லை. "அப்ப ஃபாதர்கிட்ட?" என்றார்.

"மெல்வின்தான் வேணாம்னு சொன்னான். நான் சொல்லல," என்றாள் ஃபியோனா. கார்டை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "நான் போக மாட்டேன் ஆண்ட்டி."